படத்தில் விட்டுப்போன கல்

போன வாரம் மைசூரில் ஒரு டீக்கடையைக் காலி செய்துவிட்டேன். அப்போது என் கையில் இருந்தது ஒரே ஒரு பென்சில்!

பதற வேண்டாம், ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். வருஷத்துக்கு ஒரு புது ஆர்வம் வந்து தொற்றிக்கொள்ளும். இரண்டு வருஷத்துக்கு முன் நீச்சல். போன வருஷம் மாடித் தோட்டம். மொத்த மகசூல் நாலு வெண்டைக்காய். அதில் மூன்று முற்றல். இந்த வருஷம்... வாட்டர் கலர்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் வகுப்பு. சொல்லித் தருகிறவருக்கு இருபத்தெட்டு வயது. வார நாட்களில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என் மகனைவிடச் சின்னவர். இருந்தாலும் நான் அவரை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் வகுப்பில் மூன்று சட்டங்கள் உண்டு.

முதல் நாளே என் பெட்டியிலிருந்த வெள்ளை ட்யூபைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். “வாட்டர் கலர்ல வெள்ளைன்னு ஒரு கலர் கிடையாது மேடம். வெள்ளை வேணும்னா பேப்பரை அப்படியே விட்டுடுங்க.”

அதாவது, கொக்கு வேண்டுமென்றால் கொக்கை வரையக் கூடாது. கொக்கைச் சுற்றியுள்ள தண்ணீர், புல், சேறு எல்லாவற்றையும் வரைய வேண்டும். நடுவில் விட்டுவைத்த இடம் கொக்காகிவிடும். மறந்துபோய் அந்த இடத்தில் கலரைத் தீற்றிவிட்டால் போச்சு. அப்புறம் தலைகீழாக நின்றாலும் கொக்கு வராது. இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஐம்பத்தாறு வயது வரை இது தெரியாமல் எப்படி இருந்தேன்?

இரண்டாவது சட்டம், அளவு. கையை நேராக நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வீடு பென்சிலில் எவ்வளவு உயரம், மரம் அதைப்போல எத்தனை மடங்கு என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இடத்துக்குப் போன முதல் நாள் அளவு மட்டும்தான். கலர் பெட்டியை மறுநாள்தான் திறக்கலாம்.

மூன்றாவது சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கண்ணை உறுத்துவதை விட்டுவிடுங்கள்! கரண்ட் கம்பி, கிழிந்த போஸ்டர், குப்பைத் தொட்டி எதுவும் படத்தில் வேண்டாம். “நீங்க போட்டோ எடுக்கல மேடம். நீங்க ஆர்ட்டிஸ்ட்!”

ஆர்ட்டிஸ்ட்... இந்த வார்த்தையைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? லீவுக்கு மைசூர் கிளம்பியபோது பெட்டியில் புடவைகளைக் குறைத்துக்கொண்டு பிரஷ்களை அடுக்கினேன். மடக்கு ஸ்டூல், கிளிப் வைத்த அட்டை, பெரிய தொப்பி எல்லாம் புதிதாக வாங்கியாகிவிட்டது.

மைசூரில் இருப்பது என் கணவரின் தம்பி குடும்பம். அவர் மனைவி லதா பிறந்து வளர்ந்ததே அங்கேதான். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். எதைச் சொன்னாலும் “ஆயித்து அக்கா, பண்ணிடலாம்” என்பாள். காலையில் ஆபீஸ் போகும் வழியில் என்னை ஸ்கூட்டரில் கூட்டிப் போய் ஊருக்கு வெளியே ஒரு ஏரிக்கரையில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. என் கணவர்? அவருக்கு லீவு என்றால் கட்டில்தான்.

ஏரி அழகு. தூரத்தில் நீலமாகச் சாமுண்டி மலை. கரையோரம் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே மூங்கில் கம்புகள் நட்டு, மேலே நீலத் தார்ப்பாய் கட்டிய டீக்கடை. காலையில் வாக்கிங் போகிறவர்களுக்கு டீ, சாயந்திரம் சுருமுரி, அதாவது மசாலாப் பொரி. அந்த நீலத் தார்ப்பாயின் மேல் மரத்தின் நிழல் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. இதை வரைந்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஸ்டூலைப் போட்டேன். தொப்பியை மாட்டினேன். கையை நீட்டி, கண்ணை மூடி, பென்சிலைப் பிடித்து அளந்தேன். கடை ஒன்று என்றால் மரம் மூன்றரை. மலை ஒன்றேகால். எல்லாவற்றையும் தாளின் ஓரத்தில் எண்களாகக் குறித்தேன். இன்னும் கொஞ்சம் சரியாக இருக்கட்டுமே என்று எழுந்து போய் வேறு இரண்டு இடங்களில் நின்றும் அளந்தேன். பிறகு உட்கார்ந்து மரம், மலை, கடை மூன்றையும் பென்சிலால் மெல்லிய கோடுகளாகப் போட்டேன்.

மைசூர்க்காரர்கள் நாசூக்கானவர்கள். கூட்டம் போட்டு வேடிக்கை பார்க்கவில்லை. மங்கி கேப் போட்ட பெரியவர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு ரவுண்டிலும் நின்று எட்டிப் பார்த்தார். நான் கோடு போடுவதற்கு முன்பே, வெறும் வெள்ளைத் தாளைப் பார்த்து, “சென்னாகிதே” என்று பாராட்டிவிட்டு நடந்தார். நன்றாக இருக்கிறதாம். எனக்கு வகுப்பில்கூட அவ்வளவு சீக்கிரம் பாராட்டு கிடைத்ததில்லை.

சற்று நேரத்தில் டீக்கடைக்காரப் பெண்மணி ஒரு டம்ளர் டீயோடு வந்தார். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் விழித்ததும் தமிழுக்கு மாறினார்.

“தமிழுங்களா மேடம்? நாங்க அனூர்ப் பக்கமுங்க. கொள்ளேகால் தாண்டிப் போகோணும். டீ குடிங்க.”

பெயர் மாதேஸ்வரி. குலசாமி மாதேஸ்வரன் மலையில் இருப்பதால் வீட்டில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர்தான் என்றார். நான் பர்ஸைத் திறந்தேன். “காசெல்லாம் வேண்டாமுங்க மேடம்” என்று இரண்டு கையையும் ஆட்டினார். ஆஹா... கலைக்கு எவ்வளவு மரியாதை!

அவர் குனிந்து என் தாளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “கடையும் இதுல வருதுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“கடைதாம்மா முக்கியமே! அதை வெச்சுத்தான் மத்த எல்லாத்தையும் அளக்கறேன்.”

“இன்னிக்கே முடிஞ்சிருமுங்களா?”

“இல்லம்மா. நாளைக்குக் காலைல வந்துதான் முடிக்கணும்.”

அவர் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை வாங்கிக்கொண்டு போனார். ‘பாவம், வாயடைத்துப் போய்விட்டார்’ என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் இதை நான் விவரித்த விதத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை லதா இறக்கிவிட்டுப் போனதும் உற்சாகமாக நடந்தேன். மரம் இருந்தது. மலை இருந்தது. கடையைக் காணோம்!

கம்புகளை ஒரு கட்டாகக் கட்டி மரத்தில் சாய்த்திருந்தார்கள். நீலத் தார்ப்பாய் மடித்துக் கயிறு போட்டுக் கிடந்தது. பாத்திரங்கள் இரண்டு கோணி மூட்டைகளில். மூட்டையின் மேல் மாதேஸ்வரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர் நின்றிருந்தார். சென்ட்ரிங் வேலை பார்க்கிறவராம். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஸ்கூல் யூனிபார்ம் போடாத ஒரு பெண் குழந்தை புத்தகப் பையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தது.

“என்னம்மா ஆச்சு? கடை எங்கே?”

“நீங்க வருவீங்கன்னுதானுங்க மேடம்... நேத்துப் பொழுதோடவே பிரிச்சுட்டோம்.”

“நான் வருவேன்னா?”

“நீங்க ஆளுங்களக் கூட்டியாந்து பிரிச்சா தார்ப்பாய் கிழிஞ்சு போயிருமுங்க. இதுக்கு முன்னால வேற எடத்துல கடை வெச்சிருந்தோம். அங்க அப்படித்தான் ஆச்சு. அடுப்பு, பாய்லரு எல்லாம் நசுங்கி ஒண்ணுக்கும் ஆகல. அதான் நாங்களே பிரிச்சுட்டோம். மத்தியான பஸ்ஸுக்கு ஊருக்குப் போயிர்றோமுங்க.”

எனக்குப் புரிய சில நொடிகள் ஆயின. தொப்பி, அட்டை, கிளிப். கையை நீட்டி, கண்ணை மூடி, மூன்று இடத்தில் நின்று அளவு. ஓரத்தில் எண்கள். கடையை வைத்துத்தான் அளக்கிறேன், நாளைக்கு வந்து முடிக்கிறேன் என்று வாக்குமூலம் வேறு!

“ஐயோ... நான் சர்வே ஆபீசர் இல்லம்மா! படம் வரையறவ. லீவுக்கு வந்திருக்கேன். சும்மா பொழுதுபோக்குக்கு...” பையிலிருந்து கலர் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினேன். பிரஷ்களை எடுத்துக் காட்டினேன். அடையாள அட்டை கேட்டிருந்தால் அதையும் காட்டியிருப்பேன்.

அந்தக் கணவர் கலர் பெட்டியை ஒரு முறை பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கம்புக் கட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

மாதேஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. வராதா பின்னே? “இத நேத்தே சொல்றதுக்கு என்னங்க? ராத்திரி பூரா வெசனமுங்க. புள்ளைய இன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்குக்கூட அனுப்பல!”

“நீங்க கேக்கலையேம்மா...”

“அளக்கறவங்ககிட்டப் போயி எதுக்கு அளக்கறீங்கன்னு கேக்க முடியுமுங்களா?”

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

மன்னிப்புக் கேட்டேன். பாதி அழுகைதான். “இனிமே சத்தியமா யார் கடை முன்னாடியும் பென்சிலைத் தூக்கிப் பிடிக்க மாட்டேம்மா” என்றேன்.

அதற்கு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

“அளந்ததுக்கெல்லாம் நாங்க பயப்படலீங்க. வருசத்துக்கு நாலு பேரு வந்து அளந்துட்டுத்தான் போறாங்க. நேத்து வரஞ்சீங்களே, அந்தத் தாள எடுங்க.”

எடுத்தேன். அவர் கடைக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். “இங்க இருந்த கல்லு எங்கீங்க?”

கல்லா? திரும்பிப் பார்த்தேன். கடை இருந்த இடத்திலிருந்து சில அடி தள்ளி, ஏரிப் பக்கமாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். வெள்ளையடித்துச் சிவப்பில் நம்பர் எழுதி, லேசாகச் சாய்ந்து நின்றது. முந்தின நாளும் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. பச்சைப் புல்லுக்கும் நீலத் தார்ப்பாய்க்கும் நடுவில் அது அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. மூன்றாவது சட்டப்படி விட்டுவிட்டேன்.

“அதுதானுங்க ஏரி எல்லைக் கல்லு” என்றார் மாதேஸ்வரி. “கல்லுக்கு அக்கட்ட ஏரி. இக்கட்ட பாதை. நாங்க இக்கட்ட. நட்ட அன்னிக்கே என்ற வீட்டுக்காரரு காலால அளந்து பாத்துட்டாரு. அஞ்சடி தள்ளித்தான் எங்க கடை. பஞ்சாயத்துல கேட்டுத்தான் போட்டோம். யாரு வந்து கேட்டாலும் நாங்க வாயே தொறக்க மாட்டோமுங்க, கல்லத்தான் காட்டுவோம். மறுக்கா அளந்து கல்ல மாத்தி நடப் போறாங்கன்னு ஒரு மாசமாப் பேச்சு. நேத்து உங்க தாளப் பாத்தா மரம் இருக்குது, மலை இருக்குது, கடை இருக்குது... கல்லக் காணோம். செரி, கல்லு போகப் போகுது, கடை ஏரிக்குள்ள வருதுன்னு முடிவு பண்ணிட்டோமுங்க.”

நான் தாளைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. என் படத்தில் அந்தக் கடை எங்கிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கரையில் இருக்கலாம், ஏரியிலும் இருக்கலாம். கடையின் உயரத்தைப் பென்சில் பென்சிலாக அளந்த எனக்கு, அது நிற்பதற்கு எது ஆதாரம் என்பது கண்ணிலேயே படவில்லை.

“ஏனுங்க கல்ல உட்டுட்டீங்க?” அவர் குரலில் இப்போது கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. “கண்ணை உறுத்திச்சும்மா.”

அவர் கல்லைத் திரும்பிப் பார்த்தார். “உறுத்துமுங்க. நட்ட புதுசுல எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். கணவர் கம்புக் கட்டை அவிழ்த்தார். குழி தோண்ட வேண்டியதில்லை, பழைய குழிகளே இருந்தன. நான் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டேன். டீயைத் தேடி வந்து ஏமாந்து நின்ற மங்கி கேப் பெரியவர் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார். விஷயம் என்னவென்று அவருக்குத் தெரியாது. டீ வேண்டும், அவ்வளவுதான். தார்ப்பாயை ஏற்றிக் கட்டும்போது ஒரு பக்கம் சரிந்து என் தொப்பியை அமுக்கியது. எனக்கு அது வேண்டியதுதான்.

பாய்லர் கொதிக்க ஆரம்பித்ததும் அந்தச் சின்னப் பெண் எழுந்து, யாரும் சொல்லாமலே யூனிபார்ம் மாற்றிக்கொள்ள வீட்டுக்கு ஓடினாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

சாயந்திரம் லதாவிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். “அக்கா, நீங்க சும்மனே கம்முனு உக்காந்து பூ கீ வரையலாம் அல்வா, இல்லையா? ஜனங்கள ஏன் பயப்படுத்தறீங்க?” கணவர் கட்டிலில் இருந்தபடியே, “அந்த வெண்டைக்காய் எவ்வளவோ தேவலை” என்றார்.

மூன்றாம் நாளும் போனேன். ‘இன்னும் என்ன முகத்தோடு?’ என்று கேட்கிறீர்களா? மாதேஸ்வரிதான் வரச் சொன்னார். “கல்லோட சேத்து ஒண்ணு வரஞ்சு குடுங்கக்கா.” மேடம் போய் அக்கா வந்திருந்தது. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மனசு லேசாகிவிட்டது.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கல் வெள்ளை. வெள்ளை ட்யூபோ சென்னையில், மாஸ்டர் பிடியில். எனவே கல்லைக் கடைசியில் சேர்த்துக்கொள்ள வழியில்லை... புதுத் தாளில், முதல் கோடு போடும்போதே, கல்லுக்கு இடம் விட்டாக வேண்டும். மலைக்கு முன்பு, மரத்துக்கு முன்பு, ஏரிக்கும் முன்பு கல்.

விட்டேன். பெருவிரல் நகமளவு இடம். அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிக் கலர் போட்டுக்கொண்டு வந்தேன். கடைக்கு ஆள் வராத நேரமெல்லாம் மாதேஸ்வரி என் பின்னால் வந்து நின்றார். வானம் வந்தது. மலை வந்தது. மரமும் தார்ப்பாயும் வந்தாயிற்று. அவர் பொறுமையிழந்தார்.

“கல்லுக்கு எப்பங்கக்கா கலர் அடிப்பீங்க?”

“அடிக்க மாட்டேம்மா. இந்த விட்ட இடம்தான் கல்லு.”

“வெறும் தாளுங்கக்கா அது!”

முந்தின அனுபவம் அவருக்கு. நம்ப மாட்டார்தான். எனக்கே முழு நம்பிக்கை இல்லை. வகுப்பில் என் கொக்குகள் பாதிக்கு மேல் வாத்தாகத்தான் முடிந்திருக்கின்றன. பச்சையைக் குழைத்து, அந்த வெள்ளையின் ஓரம் வரைக்கும் புல்லைக் கொண்டுவந்தேன். ஒரு பக்கமாக நிழலை இழுத்துவிட்டேன்.

கல் எழுந்து நின்றது! லேசாகச் சாய்ந்தபடி, நிஜத்தில் எப்படியோ அப்படியே.

“அட, ஆமாங்கக்கா!” என்று மாதேஸ்வரி சத்தமாகச் சொன்னார். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பில் நம்பரையும் எழுதச் சொன்னார், எழுதினேன். கடைக்கும் கல்லுக்கும் நடுவில் அவர் விரலை வைத்து, அந்த ஐந்தடி சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்த்தார். மங்கி கேப் பெரியவர் நின்றார், குனிந்தார். “கல்லு சென்னாகிதே” என்றார். மலையை நான் ஒரு மணி நேரம் வரைந்திருந்தேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கடையின் முன்கம்பில் கட்டித் தொங்கவிட்டார்கள். எனக்கு உறுத்தலாகவே இருந்தது. “இது அத்தாட்சி கித்தாட்சின்னு எங்கயும் செல்லாதும்மா. வெறும் படம்தான்” என்றேன்.

“தெரியுமுங்கக்கா” என்றார் மாதேஸ்வரி. “ஆனா இதப் பாக்கறவங்க, அந்தக் கல்லு எங்கன்னு ஒருக்காத் திரும்பிப் பாப்பாங்கல்லங்க?”

பார்ப்பார்கள்தான். நானே அதற்குள் நாலு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன். கல்லை மாற்றி நடப் போகிறார்களா, அது வெறும் பேச்சா... அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் கிளம்புகிற வரை அது அங்கேயே நின்றது. டீயும் கொதித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை காசு வாங்கிக்கொண்டார். அதில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

அன்றைக்கே படத்தைப் போட்டோ எடுத்து மாஸ்டருக்கு அனுப்பியிருந்தேன். சென்னை வந்து இறங்கியதும் அவர் பதில் வந்திருந்தது. “சூப்பர் மேடம்! நிழல் பிரமாதம். அந்தக் கல் மட்டும் கண்ணை உறுத்துது. விட்டிருக்கலாமே?”

“உறுத்தட்டும் மாஸ்டர்” என்று பதில் போட்டேன். “அதுக்குத்தானே நட்டிருக்காங்க!”